பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பித்தப்பையை எடுத்திருந்தால், உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் போகலாம். மூட்டை தூக்குவது, குடம் சுமப்பது போன்றவற்றுக்கு 4 முதல் 6 வாரம் பொறுங்கள். வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்திருந்தால் 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம்.

லேப்ராஸ்கோப்பி செய்தவர்களுக்கு முதல் சில நாள் தோள்பட்டை வலிக்கலாம். பலர் இதற்குத்தான் பயந்துவிடுகிறார்கள். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் மிச்சம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடங்கள், படிப்படியாகக் குறையும்.

சாப்பாடு? பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை வெறும் சேமிப்புக் கிடங்கு. இனி பித்தநீர் கொஞ்சம் கொஞ்சமாக நேரே குடலுக்குப் போகும். அதனால் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு இளகும். இட்லி, ரசம் சாதம், மோர் என்று கொஞ்சமாக, பலமுறை சாப்பிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நிற்காத வாந்தி, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தையலில் சீழ் என எது வந்தாலும் தயவுசெய்து அன்றே மருத்துவரிடம் போங்கள்.