பல்லுக்கு க்ளிப் போட தலைக்கு எதுக்கு எக்ஸ்ரே?

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு 11 வயசு. மேல் முன்பல் ரொம்ப தூக்கிட்டு இருக்கு, உதடு சரியா மூட மாட்டேங்குது. பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா தலைய பக்கவாட்டுல எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கன்னு சொல்றாரு. மண்டை எலும்புல ஏதாச்சும் கோளாறா? வயசுக்கு வந்தப்புறம் க்ளிப் போட்டா போதும்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க, அதுவரைக்கும் விட்டுடலாமா?

பதில்: முதல்ல பயத்த விடுங்கம்மா, பொண்ணு மண்டையில கோளாறுன்னு யாரும் சொல்லல. பல்லு தாடை எலும்புல நிக்குது, அந்தத் தாடை மண்டை ஓட்டோட சேர்ந்துதான் இருக்கு, அதனால பல் எங்க போய் நிக்கும்ங்கறதுல மண்டைக்கும் பங்கு இருக்கு, அத அளக்கத்தான் அந்தப் படம். அதுக்குப் பேரு செஃபலோகிராம். 1931ல இருந்து இந்த முறை இருக்கு. கதிர்வீச்சு ரொம்பக் கம்மி, நம்ம மேல இயற்கையாவே ஒண்ணு ரெண்டு நாள்ல படுற அளவுக்கு மேல போகாது.

இப்ப ஒண்ணு பண்ணிப் பாருங்க. காதுக்கு முன்னாடி விரல வச்சுகிட்டு வாயத் திறந்து மூடுங்க, உள்ள ஒரு உருண்டை அசையுதுல்ல? அதுதான் கீழ்த்தாடையோட முனை, காதுக்கிட்ட இருக்குற மண்டை எலும்புல ஒரு குழிக்குள்ள உக்காந்திருக்கு. மேல் தாடை அப்படி இல்ல, மண்டையோட முன்பாகத்துக்குக் கீழ அசையாம ஒட்டிகிட்டு இருக்கும். மூளைக்கு அடியில இருக்குற எலும்புத் தளம் இருக்கே, அது தட்டையா இருக்காது, மூக்கு ஆரம்பிக்கிற இடத்துல இருந்து பிட்யூட்டரி சுரப்பி உக்காந்திருக்கிற குழி வரைக்கும் ஒரு பாதி, அங்கருந்து வளைஞ்சு கழுத்துப் பக்கம் இறங்குறது இன்னொரு பாதி, ரெண்டுக்கும் நடுவுல சுமாரா 130 டிகிரி கோணம். மேல் தாடை முன்பாதியோட ஆளு, கீழ்த்தாடை பின்பாதியோட ஆளுன்னு வச்சுக்கோங்க. இந்தக் கோணம் விரிஞ்சிருந்தா காதுக்கிட்ட இருக்குற குழி பின்னாடி தள்ளிப் போகும், கீழ்த்தாடை அளவு சரியாவே இருந்தாலும் அதுவும் கூடவே பின்னாடி போயிடும், பாக்குறவங்களுக்கு மேல்பல் தூக்கிட்டு இருக்குற மாதிரி தெரியும். கோணம் குறுகினா இதுக்கு நேர்மாறா கீழ்த்தாடை முன்னாடி வந்து நிக்கும். எல்லாருக்கும் அப்படியே நடக்கும்னு இல்ல, தாடையோட நீளமும் வளர்ற திசையும் சேர்ந்துதான் முடிவு பண்ணும், ஆனா இந்த அமைப்பு நிறைய வீட்டுல அப்பா அம்மா வழியாவே வரும்.

முன்பாதி மூளையோட சேர்ந்து வளர்ந்து 7 வயசுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும், அதனாலதான் அத ஒரு நிலையான கோடா வச்சுகிட்டு மத்ததெல்லாம் அளக்குறோம். அந்தக் கோட்டுல இருந்து மேல் தாடைக்கு சராசரியா 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80, ரெண்டுக்கும் வித்தியாசம் 2. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். உங்க பொண்ணுக்கு 82, 74ன்னு வந்தா கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கு. 88, 80ன்னு வந்தா மேல் தாடை முன்னாடி வந்திருக்கு. ரெண்டும் சரியா இருந்தா எலும்புல ஒண்ணுமில்ல, வெறும் பல்லுதான் சாஞ்சிருக்கு. கண்ணாடியில பாத்தா இந்த மூணும் ஒரே மாதிரி எத்துப்பல்லாத்தான் தெரியும், ஆனா வைத்தியம் மூணுக்கும் வேற வேற. படம் எடுக்காம நேரா கம்பியக் கட்டிட்டா எதுக்கு வைத்தியம் பண்றோம்னே தெரியாம பண்ற மாதிரி ஆயிடும், அதனால எக்ஸ்ரே கேட்ட டாக்டர் சரியாத்தான் கேட்டிருக்காரு.

அடுத்தது நீங்க கேட்ட வயசு விஷயம், இதுல பெரியவங்க சொல்றத தயவுசெஞ்சு கேக்காதீங்க. பொண்ணுங்களுக்கு உயரம் வேகமா கூடுற நேரம் பெரும்பாலும் மாதவிலக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வந்து போயிடும், கீழ்த்தாடையும் கிட்டத்தட்ட அதே நேரத்துலதான் வேகமா வளரும். கீழ்த்தாடை பின்தங்கின குழந்தைக்கு அந்த நேரத்துல ட்வின் ப்ளாக் மாதிரி கழட்டி மாட்டுற கருவி போட்டா வளர்ச்சியோட சேர்ந்து வேலை செய்யும். தாடை ரொம்ப நீளமா வளர்ந்துடும்னு சொல்ல மாட்டேன், திருத்தம் பெரும்பாலும் பல்லுலயும் ஓரளவு எலும்புலயுமா நடக்கும், ஆனா அந்த வாய்ப்பு வளர்ச்சி நின்னப்புறம் இல்லவே இல்ல. அதுக்கப்புறம்னா ரெண்டு பல்ல எடுத்துட்டு மீதிய உள்ள இழுக்கணும், தாடை வித்தியாசம் ரொம்ப அதிகமா இருந்தா ஆபரேஷன்தான். இன்னொண்ணு, அந்த எக்ஸ்ரேலயே கழுத்து எலும்பும் விழும், அதோட வடிவத்த வச்சு வளர்ச்சி எவ்வளவு பாக்கி இருக்குன்னு ஓரளவு கணிக்கலாம்.

தூங்கும்போது வாயத் திறந்துகிட்டு மூச்சு விடுறாளா, குறட்டை வருதான்னு கவனிங்க, இருந்தா மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டுங்க. தூக்கின பல்லுதான் கீழ விழுந்தா முதல்ல அடிபடும், விளையாடுறப்ப ஜாக்கிரதை. எக்ஸ்ரேய இந்த வாரமே எடுத்துடுங்க, ரிசல்ட் வந்ததும் டாக்டர்கிட்ட "மேல் தாடையா, கீழ்த்தாடையா, இல்ல வெறும் பல்லா, வளர்ச்சி இன்னும் எவ்வளவு இருக்கு"ன்னு நேராவே கேளுங்க, படத்துல கோடு போட்டு காட்டச் சொல்லுங்க.