காய்ச்சலுக்குப் பின் விந்தணு எண்ணிக்கை குறைவு: மறுபரிசோதனை எப்போது?

போன மாதம் கடும் காய்ச்சல் வந்தது, இப்போது விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை குறைவாக வந்திருக்கிறது, அடுத்த வாரமே மறுபடி பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே மறுபரிசோதனை செய்து பயனில்லை. காய்ச்சல் விட்டதிலிருந்து மூன்று மாதம் கழித்துச் செய்யுங்கள். மில்லிலிட்டருக்கு 90 லட்சம் விந்தணு என்ற இந்த ஒரு அறிக்கையை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் வரம்பு 1.6 கோடி என்பது சரிதான், ஆனால் கடும் காய்ச்சலுக்குப் பிறகு எண்ணிக்கை தற்காலிகமாக இறங்குவது சகஜம்.

விந்தணுவை உருவாக்கும் விதைகள் (விரைகள்) உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அப்புறம் விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாய்க்குள் ஒன்றிரண்டு வாரம் ஊர்ந்துதான் நீந்தும் திறன் பெறும். நீட்டிப் பிடித்தால் அந்தக் குழாய் சுமார் 6 மீட்டர் வரும்! ஆக, போன மாதக் காய்ச்சலின்போது பாதி உருவாகியிருந்த அணுக்கள்தான் இந்த மாதிரியில் வந்திருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: மாதிரி எடுக்கும்போது முதல் துளிகள் சிந்தினவா? விந்தணுக்கள் அதில்தான் அதிகம். பின்னால் வருவது பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும் விந்துப்பை என்ற சுரப்பியின் திரவம். அடுத்த முறை விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, முழுவதையும் சேகரியுங்கள்.

அதுவரை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி பக்கம் போகவே வேண்டாம், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். விதையில் வலி, வீக்கம், கட்டி என்று எது இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள்.