மோனாலிசாவுக்கு மீசை வைக்க வேண்டாம்

கேள்வி: வேலூரில் எங்கள் கல்லூரி விழாவுக்குப் பிரபல ஓவியங்களைக் கேலி செய்து வைக்கப் போகிறோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்களா, 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்பார்களா?

ரெண்டும் நடக்கும். நீங்கள் மோனாலிசாவுக்கு மீசை வைக்கத்தான் திட்டம் போட்டிருப்பீர்கள். பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் 1919-லேயே ஒரு தபால் அட்டையில் குறுந்தாடியும் சேர்த்து வரைந்துவிட்டார். விட்டுவிடுங்கள்.

அந்த முகத்தைத் தொடவே தொடாதீர்கள். உதட்டோரத்தில் டாவின்சி கோடு போடவில்லை, நிழலைக் கரைத்துவிட்டிருக்கிறார். அங்கே ஒரு கோடு இழுத்தால் ஆள் மாறிவிடும். கையில் ஆஸ்பத்திரி ஃபைலும் டோக்கனும் கொடுங்கள். ராத்திரி ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, காலையிலிருந்து ஓ.பி.யில் காத்திருக்கும் முகம் அதேதான்: பொறுமையா எரிச்சலா, தெரியாது. பின்னால் கோட்டை அகழியும் பாறைக் குன்றும் வைப்பதானால் இடப்பக்கத் தொடுவானம் தாழ்ந்தே இருக்கட்டும், அசலில் அப்படித்தான். ரெண்டு பக்கத்தையும் சமமாக்கினால் ஸ்டூடியோ திரை மாதிரி ஆகிவிடும்.

நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கின் 'அலறல்' (1893) நம்ம ஊருக்கென்றே அமைந்தது. பாலத்தில் வாயைத் திறந்தபடி கன்னத்தில் கை வைத்து நிற்கும் ஆள் கத்துகிறான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நண்பர்கள் இருவரோடு நடந்துபோகும்போது வானம் ரத்தமாய்ச் சிவந்ததாகவும், இயற்கைக்குள் ஒரு பெரிய அலறலை உணர்ந்ததாகவும் மங்க்கே எழுதிவைத்திருக்கிறார். ஆக, அவன் காதைப் பொத்துகிறான். பாலாற்றுப் பாலம், கீழே வெறும் மணல், வலது மேல் மூலையில் ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்குக் கட்டிய கூம்பு ஸ்பீக்கர், போதும். பின்னால் போகும் ரெண்டு பேரை அழித்துவிடாதீர்கள், அவர்களுக்கு ஒன்றுமே கேட்காததுதான் ஜோக். வானத்தின் நிறமும் அப்படியே இருக்கட்டும். அசலின் மேல் 'பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும்' என்று பென்சிலில் பொடி எழுத்தில் இருக்கிறது. யாரோ கிறுக்கியது என்ற பேச்சும் இருந்தது, மங்க்கின் கையெழுத்தேதான் என்று 2021-ல் நார்வே அருங்காட்சியகம் சொல்லிவிட்டது.

கிராண்ட் வுட்டின் 'அமெரிக்கன் காதிக்' (1930) படத்தில் ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் வீட்டு முன்னால் நிற்பார்கள். பெரியவர் கையிலிருக்கும் கவைக்கோலுக்கு, அதாவது மூன்று முள் வைக்கோல் வாரிக்குப் பதில் பிரியாணிக் கரண்டி கொடுப்பீர்கள். சரி. ஆனால் அந்த மூன்று முள் வடிவம் பெரியவர் கோட்டுக்குள் போட்டிருக்கும் ஓவரால் உடுப்பின் தையலிலும் ஒளிந்திருக்கிறது. அதையும் கரண்டியாக வளைக்காவிட்டால் ஒட்டவைத்தது தெரிந்துவிடும். ஓவியத்தை அவமதிப்பதாகச் சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் அந்தத் தையலைக் காட்டட்டும்.

சிரிப்பில் பாதி கீழே ஒட்டும் விளக்கத்தில்தான். ஒரு வரி உண்மை, அடுத்தது அண்டப்புளுகு, ரெண்டும் விமர்சகர் குரலில். வுட் படத்துக்கு இப்படி: 'இவர்கள் கணவன் மனைவி அல்லர், தந்தையும் மகளும். மகளின் பார்வை விலகியிருப்பது, கத்திரிக்காய் தொக்கு தீர்ந்துபோன சமூகத்தின் மௌனத்தைச் சுட்டுகிறது.' முதல் வரி வுட் சொன்னதுதான். மாடலாக நின்றவர்கள் அவருடைய தங்கையும் பல் டாக்டரும்.

பிரிண்ட்டுக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். டியூப்லைட் பட்டால் பளபளக்கும், மோனாலிசாவின் பழுப்பெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். பளபளக்காத மேட் வினைலை சன்போர்டு என்கிற நுரைப்பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். மோனாலிசா அசல் 77-க்கு 53 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை அடிக்கு ஒன்றேமுக்கால். கடைக்காரர் 'மூணுக்கு ரெண்டு போட்டுடலாம்' என்று இழுத்தால் முகம் நீளமாகும். இருட்டான இடங்களைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, ஓரடி சாம்பிள் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.

ஃப்ளெக்ஸ் என்றதும் ஒன்று. விழா பேனரில் சிறப்பு விருந்தினர் தலை பூசணிக்காய் அளவு, படம் வரைந்த பிள்ளைகள் பெயர் எறும்பு அளவு. பழைய எகிப்திலும் அரசனைப் பெரிதாகத்தான் வரைந்தார்கள், அங்கே அரசன் ஒருத்தன். இங்கே வரிசையாகப் பதினோரு பேர்.

சால்வடார் டாலி வரைந்த உருகும் கடிகாரத்தை வேலூர் வெயிலில் வைக்கும் யோசனை கண்டிப்பாக யாருக்காவது வரும். இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. வுட் 1942, மங்க் 1944, பிரச்சினையில்லை. டாலி இறந்தது 1989. டி-ஷர்ட் போட்டு விற்கிற எண்ணமிருந்தால் 2049 முடியட்டும்.