கைக்கும் காதுக்கும் நடுவே

வணக்கம்.

ஒரு துண்டு இசையைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் உங்கள் லூப் ஆப்பை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன். நானும் மென்பொருள் வேலையில்தான் இருக்கிறேன். ஏற்கெனவே இருந்த டிரம் ஆப் எதுவும் எனக்கு ஒத்துவராததால் வார இறுதிகளில் நானே ஒன்று எழுத ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது அதில் நாற்பது எஃபெக்ட், மூன்று கலர் தீம், எல்லாவற்றுக்கும் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதை வைத்து ஒரு பாட்டுகூட முடிக்கவில்லை. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் ஏதாவது குறை கண்ணில் பட்டு, கோட் பக்கம் போய்விடுகிறேன். உங்கள் ஆப்பில் வசதிகள் மிகக் குறைவு. நான் கேட்ட இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தது (கோபமெல்லாம் இல்லை). எதை வைப்பது, எதை விடுவது என்று எப்படி முடிவெடுக்கிறீர்கள்? கருவி செய்கிறவனால் பாட்டும் செய்ய முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

'கோபமெல்லாம் இல்லை' என்று அடைப்புக்குள் போட்டிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் இருந்திருக்கும் போல. இருக்கட்டும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முடியும், ஆனால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. நானும் உங்கள் நிலையில் இருந்தவன்தான், எட்டு மாதம் இல்லை, மூன்று வருடம். கோட் எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது: ஒரு பக் (பிழை) இருந்தது, இப்போது இல்லை, போய்த் தூங்கலாம். பாட்டில் அப்படி எதுவும் கிடையாது. நாலு வரி போட்டுவிட்டு இது நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் ராத்திரி ஒரு பதில், காலையில் வேறு பதில். அந்தச் சங்கடத்திலிருந்து தப்பித்து ஓட நம் ஆப்பைவிட வசதியான இடம் இல்லை, அங்கே நிஜமாகவே எப்போதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். உங்கள் மூன்று கலர் தீமும் அப்படி ஓடிப்போன மூன்று வார இறுதிகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக நினைக்க வேண்டாம், என் ஆப்பின் முதல் வடிவத்தில் ஐந்து தீம் இருந்தது.

இப்போது பாட்டுக்கு உட்கார்ந்தால் கோட் எழுதும் எடிட்டரைத் திறப்பதில்லை. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். எரிச்சல் தந்ததை அதில் ஒரு வரி எழுதிவிட்டுப் பாட்டைத் தொடருவேன். பாட்டு முடிந்தபின் நோட்டைப் புரட்டினால் பாதி வரிகள் என்னவென்றே எனக்குப் புரியாது, மீதியில் ஒரே குறை நாலு தடவை எழுதியிருக்கும். அதைத்தான் சரிசெய்கிறேன். எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு என்னிடம் இருக்கும் முறை இவ்வளவுதான்.

அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வருபவை பெரும்பாலும் தாமதமும் தடங்கலும்தான். ஒலிக்கான கோட் சாம்பிள்களை, அதாவது ஒலியலையின் உயரத்தைக் கணத்துக்குக் கணம் குறிக்கும் எண்களை, கொத்துக் கொத்தாகத்தான் அனுப்பும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கொத்துதான் பஃபர். செகண்டுக்கு 44,100 சாம்பிள் என்றால் 1,024 சாம்பிள் பஃபர் ஒன்று 23 மில்லிசெகண்ட். எண்ணாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஒலி காற்றில் செகண்டுக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது, அந்தக் கணக்கில் நீங்கள் தட்டும் டிரம் கிட்டத்தட்ட எட்டு மீட்டர் தள்ளி நின்று ஒலிப்பது போல. 128 சாம்பிளுக்கு இறக்கினால் ஒரு மீட்டர் பக்கத்தில் வந்துவிடும். இது பஃபரின் கணக்கு மட்டும், தொடுதிரையும் சிஸ்டமும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். புளூடூத் ஹெட்போன் மாட்டினால் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும். கேட்பதற்குப் பரவாயில்லை, வாசிப்பதற்கு ஆகாது. இதில் விசேஷம் என்னவென்றால், சின்னத் தாமதத்தை வாசிப்பவர் தாமதம் என்று உணர்வதே இல்லை. 'இன்றைக்குக் கை வரமாட்டேன் என்கிறது' என்று தன்னையே நொந்துகொண்டு எழுந்து போய்விடுவார்.

சரி, பஃபரைச் சுருக்கினால் போதுமா என்றால், சிக்கல் வேறு இடத்தில் முளைக்கும். 128 சாம்பிள் என்றால் மூன்று மில்லிசெகண்டுக்குள் அடுத்த கொத்து தயாராக இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் காதில் 'டப்'. ஒலி ஓடும் த்ரெட்டில் (ஒலி வேலையை மட்டும் பார்க்கும் தனி ஓட்டத்தில்) மெமரி கேட்கக் கூடாது, மியூட்டெக்ஸுக்கு, அதாவது வேறு த்ரெட் போட்டு வைத்த பூட்டுக்கு, காத்திருக்கக் கூடாது, ஃபைலைத் தொடக் கூடாது என்பது இந்த வேலையில் முதல் நாளே படிக்கிற பாடம். நானும் படித்தேன். படித்துவிட்டு, வேறு ஒரு பக்கைத் தேடுவதற்காக அதே த்ரெட்டில் ஃபைலில் ஒரு வரி எழுத வைத்து, எடுக்க மறந்துவிட்டேன். சில நிமிடங்களுக்கு ஒரு முறை 'டப்'. ஹெட்போனைச் சந்தேகப்பட்டேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் என் காதையே சந்தேகப்பட்டேன். ஆறு வாரம் போனது. அந்த நாட்களில் பதிவு செய்த ஒரு பாட்டில் இரண்டாவது நிமிடத்தில் அது இன்னும் கேட்கும், எடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்று, வால்யூம் ஸ்லைடர். ஸ்லைடர் நிற்கும் இடத்தை அப்படியே அலையின் உயரத்தோடு பெருக்கியிருந்தேன். பாதிக்கு இறக்கினால் 6 டெசிபல்தான் குறையும், காதுக்குப் பாதியாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். அதனால் மேல்பாதியில் பெரிதாக எதுவும் நடக்காது, கீழே கடைசி ஒரு விரல் அகலத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஸ்லைடர் நகர்வதற்கேற்ப ஒலி எப்படிக் கூடும் என்ற வளைவை மாற்ற நாலு வரி கோட் போதுமாக இருந்தது. அந்த நாலு வரிக்கு வந்த பாராட்டு எந்த எஃபெக்டுக்கும் வரவில்லை... இல்லை, பொய் சொல்கிறேன், ஒரு பாராட்டும் வரவில்லை. புகார் நின்றது.

வசதியைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்கு 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ஐப் பார்க்கலாம். ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் (ஓர் அலையை வைத்து இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டுவது) ஒலிக்கும் கீபோர்டு, ஒவ்வொரு ஒலியிலும் நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகளை மாற்றலாம். மாற்றுவதற்கு இருந்ததோ ஒரு குட்டித் திரை, தட்டையான பட்டன் வரிசை, ஒரே ஒரு ஸ்லைடர். எதை மாற்றுகிறோம் என்று தேர்ந்தெடுத்து, ஸ்லைடரை நகர்த்தி, அப்புறம் அடுத்தது. பெரும்பாலானவர்கள் கம்பெனி போட்டுத் தந்த ஒலிகளையே வாசித்தார்கள். எண்பதுகளின் பாட்டுகளில் அதே எலெக்ட்ரிக் பியானோ ஒலி அத்தனை இடங்களில் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1970-இன் மினிமூக் சிந்தசைசர் இதற்கு நேரெதிர். எல்லாக் குமிழும் கண்ணெதிரே, ஆனால் செய்த ஒலியைச் சேமிக்க வழி இல்லை, குமிழ் நின்ற நிலையைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். என் மனம் மினிமூக் பக்கம்தான். ஆனாலும் சேமிக்க முடியாத கருவியை இன்று ஒருவர் கையில் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

உங்களுடையது டிரம் ஆப் என்பதால் ரோலண்ட் கம்பெனி 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் மெஷினைப் படத்திலாவது ஒரு தடவை பாருங்கள். கீழே ஒரே வரிசையில் 16 பட்டன். அந்த வரிசைதான் ஒரு தாளச் சுற்று, விளக்கு எரியும் இடத்தில் அடி. டிரம் வாசிக்கத் தெரியாதவரும் தாளம் கட்டிவிடலாம். நிஜ டிரம் போல ஒலிக்கவில்லை என்ற குறையோடு 1983-இலேயே அதன் தயாரிப்பு நின்றுவிட்டது, அப்புறம் பழைய பெட்டிகளை மலிவாக வாங்கியவர்கள் கையில்தான் ஹிப்ஹாப்பிலும் டெக்னோவிலும் அதற்கு வாழ்வு வந்தது.

உங்கள் நாற்பது எஃபெக்டையும் அழிக்கச் சொல்ல மாட்டேன். அழிக்க உட்கார்ந்தால் அதுவும் கோட் வேலைதான், இன்னொரு வார இறுதி போய்விடும். அவை அப்படியே கிடக்கட்டும், அந்தப் பக்கமே போகாமல் இரண்டு நிமிடப் பாட்டு ஒன்றைக் கடைசி அடி வரை முடியுங்கள். மோசமாக வந்தாலும் முடியுங்கள். நோட்டு பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், நீங்கள் கேட்ட இரண்டில் ஒன்று, விரலால் தட்டியே வேகத்தை வைக்கிற வசதி, போன மாதம் என் நோட்டில் வந்தது. ஒரு தடவைதான். இன்னும் மூன்று வரட்டும்.