வீட்டு மருந்துப் பெட்டியில் பூனைக்குப் பங்கு இல்லை

நாய், பூனை வளர்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது விருதுநகரில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் மருத்துவர்.

கேள்வி: எங்கள் பூனை நேற்றிலிருந்து சுருண்டு படுத்திருக்கிறது, உடம்பு கொதிக்கிறது. குழந்தைக்கு வாங்கிய பாரசிட்டமால் சிரப் வீட்டில் இருக்கிறது. பூனையின் எடைக்கு எத்தனை சொட்டு கொடுக்கலாம் டாக்டர்? – வாசகி, பாளையங்கோட்டை

ஒரு சொட்டுகூட வேண்டாம் அம்மா. எடைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற மருந்தே இல்லை இது. பாரசிட்டமாலைப் பக்குவமாக மாற்றி வெளியேற்ற நம் ஈரலில் ஒரு வழி இருக்கிறது. பூனையின் ஈரலில் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை. மருந்து உள்ளேயே நின்று விஷமாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுக்கும். பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ரத்தம் பழுப்பு நிறத்துக்குப் போய்விடும். ஈறு நீலம் பாயும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இரைக்கும். பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும். “பச்சைப் பிள்ளைக்கே கொடுக்கிறோமே டாக்டர்” என்பார்கள். பச்சைப் பிள்ளையின் ஈரல் வேறு, பூனையின் ஈரல் வேறு, அவ்வளவுதான்.

இதைப் படிப்பதற்குள் கொடுத்துவிட்ட யாராவது இருந்தால், சிரப் பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு இப்போதே மருத்துவரிடம் போங்கள். அசிடைல்சிஸ்டீன் என்று முறிவு மருந்து இருக்கிறது. மனித ஆஸ்பத்திரிகளிலும் பயன்படுத்துவதுதான். சில மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் உண்டு. எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறைப்பவர்களால்தான் எங்களுக்கு நேரம் வீணாகிறது.

சரி, உங்கள் பூனைக்கு வருவோம். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்ல முடியாது. பூனைக்கும் நாய்க்கும் இயல்பான வெப்பமே ஏறக்குறைய 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அதனால் நன்றாக இருக்கும் பூனையும் நம் கைக்குச் சூடாகத்தான் தெரியும். மூக்கு காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் வீண். மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால் கிளம்புங்கள். (அந்தத் தெர்மாமீட்டரின் மேல் ‘பூனைக்கு’ என்று எழுதித் தனியாக வையுங்கள். உங்கள் வீட்டில் குழந்தை வேறு இருக்கிறது.)

இரவில் ஊர் சுற்றும் கடுவன் பூனையா? அப்படியானால் வால் அடி, கன்னம், முன்னங்கால் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். இன்னொரு பூனை கடித்த பல் துளை ஒரே நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். என்னிடம் காய்ச்சலோடு வரும் கடுவன்களில் பாதிக்கு இதுதான் கதை. கீறிச் சீழை எடுத்து ஊசி போட்டால் மறுநாளே சாப்பாடு கேட்கும். ஆனால் சாப்பிடாமல் இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். பூனை, அதிலும் குண்டுப் பூனை, பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைத்து அது தனி நோயாகிவிடும்.

நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் நொண்டுகிறது என்று நாம் போடும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். வயிற்றில் புண், கறுப்பாக மலம், பிறகு சிறுநீரகம். இதே டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததால்தான் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நீலகிரியில் மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் கழுகுகளைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு உண்ணி தொல்லை தாங்கவில்லை. பிடுங்கிப் பிடுங்கி எடுக்கிறோம், மறுவாரம் மறுபடி வருகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைத் தந்தார். அடிக்கலாமா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. – வாசகர், சிவகாசி

கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும் நீங்கள். மாட்டுக்கு அடிக்கும் மருந்து பெரும்பாலும் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். பூனைக்கு அந்த வகை மருந்துகள் ஆகாது. நாய்க்கு முதுகில் ஊற்றும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தும் அதே குடும்பம்தான். நாயோடு ஒட்டிப் படுத்தாலோ நாயை நக்கினாலோ போதும், பூனைக்கு நடுக்கம் வந்து வலிப்பில் கொண்டுபோய் விடும். நாய்க்கும்கூட, மாட்டுக்குக் கலக்கும் அளவில் அடித்தால் வாயில் நுரை தள்ளும். புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிடுங்கிப் பிடுங்கியும் ஏன் வருகிறது? நாயின் மேல் நீங்கள் பார்ப்பது கூட்டத்தில் கொஞ்சம்தான். நம் ஊர் நாய் உண்ணி வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, மூன்று முறை இறங்கிவிடும். குஞ்சு ஒரு முறை, நடுப்பருவம் ஒரு முறை, வளர்ந்தது ஒரு முறை. மிச்ச நேரமெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கிறது. ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து அளவுக்கு வீங்கிய பெட்டை இறங்கி, சுவரில் ஏறி, கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடுக்கில் சில ஆயிரம் முட்டை இடும். இந்த உண்ணி மேலே ஏறுகிற ஜாதி. அதனால் தரையை எத்தனை முறை பினாயில் போட்டுத் துடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. நாய் படுக்கும் இடத்துக்கு மேலே, நிலைப்படி, ஜன்னல் சட்டம், மாடிப்படியின் அடிப்பக்கம், ஓட்டு வீடானால் உத்தரம், இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். இடுக்குகளைச் சிமெண்டோ பூச்சோ வைத்து அடையுங்கள். நாயின் சாக்கைக் கொதிநீரில் போடுங்கள், இல்லை எரித்துவிடுங்கள். வளர்ந்த உண்ணி ஒன்றும் குடிக்காமலே மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால், ஒரு மாதம் செய்துவிட்டு நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

நாய்க்கு இப்போது வாய்வழி மாத்திரைகள் வந்துவிட்டன. மாதம் ஒன்று கொடுப்பதும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுப்பதும் உண்டு. விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் பூனை இருக்கிற வீட்டுக்கு நான் எழுதிக் கொடுப்பது அதைத்தான், நக்கினாலும் ஒட்டினாலும் பயமில்லை. நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கையால் எடுப்பதானால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் தடவவே வேண்டாம்.

இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் அரிப்பு அல்ல, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரப்பும் கிருமிகளில் எர்லிச்சியா வெள்ளை அணுக்களில் குடியேறும், பபேசியா சிவப்பணுக்களை உடைக்கும். ஜெர்மன் ஷெப்பர்டை எர்லிச்சியா மற்ற ஜாதிகளைவிட மோசமாகப் படுத்தும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் கொண்டுபோன நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது குண்டால் அல்ல, இந்த நோயால். நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்கிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா, மூக்கில் ரத்தம் வடிகிறதா, சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. எர்லிச்சியா என்றால் டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள், வயிற்றில் ஏதாவது இருக்கும்போது கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளே நாய் வாலை ஆட்டிக்கொண்டு கறி கேட்கும், நீங்களும் மாத்திரையை நிறுத்திவிடுவீர்கள். நிறுத்தாதீர்கள். அரைகுறையாக அடங்கியது பல மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடித்தால் அப்புறம் என்னாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பூனைக்குத் தயிர்ச்சாதமும் பாலும்தான். நன்றாகத்தான் சாப்பிடுகிறது. போதுமா? – வாசகி, தூத்துக்குடி

போதாது. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது, அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. குறைந்தால் விழித்திரை கெட்டுக் கண் போகும், இதயம் வீங்கித் தளரும். கடைத் தீனி தின்ற பூனைகளுக்கே இந்த இதய நோய் வந்து, காரணம் டாரின் குறைவு என்று 1987-இல் கண்டுபிடித்த பிறகு, உலகம் முழுக்கப் பூனைத் தீனியில் டாரினைக் கூட்டினார்கள். நாய் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், பூனைக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் மீன் சமைக்க வேண்டாம். ‘பூனைக்கு’ என்று போட்ட உலர் தீனிப் பாக்கெட்டை வாங்கி வராந்தாவில் வைத்துவிடுங்கள், பக்கத்தில் தண்ணீரும். நாய்த் தீனி வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் டாரின் போதுமான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்குதான் தரும்.

கேள்வி: தூய வெள்ளை இராஜபாளையம் குட்டி வாங்கினோம், வயது மூன்று மாதம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. விற்றவர், “வேட்டை நாய் அப்படித்தான், திமிர். வளர வளரச் சரியாகும்” என்கிறார். – வாசகர், சாத்தூர்

திமிர் இல்லை, காது கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று ஒரு சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, காற்றும் படக் கூடாது, இல்லாவிட்டால் உணர்ந்து எழுந்துவிடும். காது அசையவே இல்லையென்றால் சந்தேகம் உறுதி. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மூளையின் மின் அலையை அளக்கும் சோதனை வேண்டும்.

தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும், ஒலியை உணரும் பகுதி உயிரோடு இருக்க அவை தேவை. பால் வெள்ளை நிறத்துக்காகவும் ரோஜா மூக்குக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் சில குட்டிகளுக்கு அந்த அணுக்கள் காதுக்குப் போய்ச் சேருவதே இல்லை. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது. பிறகு திரும்பாது. 2005-இல் தபால் தலையில் வந்த நாய் இராஜபாளையம். அந்தப் பெருமையோடு இந்தக் குறையையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் கட்சி. யாரும் சொல்வதில்லை.

கைச்சைகையில் பழக்குங்கள், நன்றாகக் கற்றுக்கொள்ளும். உட்கார், வா, வேண்டாம், மூன்றுக்கும் மூன்று தனித்தனி சைகை, வீட்டில் எல்லோரும் அதையே காட்ட வேண்டும். தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கும். மூக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தால் வாசனையில் தானே எழும். தெருவில் ஒருபோதும் கயிறில்லாமல் விடாதீர்கள், லாரி ஹாரன் அதற்குக் கேட்காது. குட்டி போட மட்டும் விடாதீர்கள், கருத்தடை செய்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாத நாய்க்குட்டி விளையாட்டாகக் கடித்து மகனின் கையில் லேசாக ரத்தம் வந்தது. வீட்டுக் குட்டிதானே, பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்கிறார் மாமியார். – வாசகி, கோவில்பட்டி

பத்து நாள் பாருங்கள், ஊசியையும் இன்றே ஆரம்பியுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். உங்கள் குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயதே இன்னும் வரவில்லை, மூன்று மாதத்தில்தான் போடுவோம். அதன் தாய் எங்கே இருந்தது, யாரோடு சண்டை போட்டது என்பது உங்களுக்கோ எனக்கோ தெரியாது. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு அரசு ஆஸ்பத்திரி. முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று தோலில் ஊசி. ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், அதை நீங்களே கேளுங்கள்.

மாமியாரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அவர் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையில் தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியாவில் 2004-லேயே நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கடுவன் பூனை இரண்டு நாளாக மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்தோம். சரியாகவில்லை. – வாசகர், தென்காசி

இந்தக் கடிதம் என் கைக்கு வந்தபோதே தேதி ஒரு வாரம் பழையது, அதனால் பொதுவாக எல்லோருக்கும் எழுதுகிறேன். கடுவன் பூனை முக்கினால் முதலில் சிறுநீர் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறுநீர்க் குழாய் குறுகல், மணல் மாதிரிப் படிவு வந்து அடைத்துக்கொள்ளும். அடிவயிறு எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக இருக்கும், தொட்டால் கத்தும். முழு அடைப்பு இரண்டு மூன்று நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். அன்றைக்கே, ராத்திரியானாலும், திறந்திருக்கும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். இப்படி ஒன்றுக்குப் பத்திரிகைக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள்.