போனை எடுக்காமல் விடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் நானும் படுத்த படுக்கையாக இருக்கும் கணவரும் மட்டும் இருக்கிறோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் தங்கை வீட்டு போனில்தான் கூப்பிடுவாள், அதனால் லைனை வெட்ட மனம் வரவில்லை. ஆனால் இன்சூரன்ஸ், கடன், செல்போன் கான்ட்ராக்ட் என்று தினமும் யாராவது அழைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வில்லை. போதாக்குறைக்கு நள்ளிரவில் ஒருவர் கூப்பிட்டு, பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறார். ஆன்சரிங் மெஷின் வைத்து, யார் குரல் என்று கேட்டபிறகு எடுங்கள் என்கிறான் மகன். பேச்சைப் பதிவு செய்தால் எங்கள்மேல் கேஸ் வருமா?

பதில்: மகன் சொல்வதைச் செய்யுங்கள் அம்மா. மணி அடித்தால் எடுத்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், விற்பனை அழைப்பை மறுக்கவும், இனி வராதே என்று சொல்லவும், வருமுன்பே தடுத்து வைக்கவும் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. இதற்கு யாரும் கட்டணம் வாங்கக்கூடாது. பதிவுக்கும் பயப்படவேண்டாம். பேசுகிற இருவரில் நீங்களும் ஒருவர் என்பதால், எதிராளியிடம் சொல்லாமலே பதிவு செய்ய, ஒட்டுக்கேட்பதைக் கட்டுப்படுத்தும் 'ரிக்கா' சட்டம் இடம் தருகிறது. குற்றம் செய்யும் நோக்கம் மட்டும் இருக்கக்கூடாது.

நேரத்துக்கும் விதி உண்டு. வார நாட்களில் காலை 8 மணிக்கு முன்போ இரவு 8 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது. சனிக்கிழமை 9 முதல் 1 மணி வரைதான். ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் அறவே கூடாது. தீபாவளி இந்த நாட்டில் அரசு விடுமுறை இல்லை என்பதால், நீங்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கும்போது கூப்பிட்டாலும் நேர விதியை மீறியதாகாது! இதில் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் மெஷின் உங்கள் காதைத்தான் காக்கும், அழைப்பை நிறுத்தாது. ஒருமுறையாவது எடுத்து, "வேண்டாம், இனி இந்த எண்ணுக்குக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லவேண்டும். நம்மவர்கள் மரியாதைக்காக "இப்போ கொஞ்சம் வேலை, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். விற்க வந்தவர் அதைப் பிறகு கூப்பிடச் சொன்னதாகவே குறித்துக்கொள்வார். நிறுத்தச் சொன்னபின் அதே கம்பெனி கூப்பிட்டால் அது சட்ட மீறல். தேதி, நேரம், கம்பெனி பெயர், பேசியவர் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம்.

'போப்பியா' என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு வழி. அதன் 69-ஆம் பிரிவின்படி, மின்னணு வழியில் விற்க வருபவர், வாடிக்கையாளர் அல்லாதவரிடம் சம்மதம் கேட்டு ஒரே ஒரு முறைதான் வரலாம். ஆள் பேசும் தொலைபேசி அழைப்பும் இதில் சேரும் என்று தகவல் ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. விற்பனைத் துறையினர் இதை ஏற்காமல் வாதாடுகிறார்கள், ஆகவே இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அந்த ஆணையத்துக்குப் புகார் எழுதுவதில் தவறில்லை. அது 1 கோடி ரேண்ட் வரை அபராதம் விதிக்க முடியும்.

நள்ளிரவு ஆசாமி வேறு ரகம். அவரிடம் பேச்சுக் கொடுக்கவேண்டாம், திட்டவும் வேண்டாம். 2011-ஆம் ஆண்டின் தொல்லை தடுப்புச் சட்டம், எதிர்முனையில் பேச்சே நடக்காவிட்டாலும் தொடர்ந்து வரும் அழைப்பைத் தொல்லையாகக் கருத இடம் தருகிறது. உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேளுங்கள். வக்கீல் வைக்கவேண்டிய அவசியமில்லை, கோர்ட் கிளார்க்கே படிவம் தந்து விளக்குவார். ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது, அது யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும்படி தொலைபேசி நிறுவனத்துக்கு நீதிபதி உத்தரவிடலாம். அதற்கு உங்கள் நோட்டில் அவருக்கென ஒரு தனிப் பக்கம் வேண்டும், மணி, நிமிடம் உட்பட. இன்றிரவே தொடங்குங்கள்.