‘500 வாட்’ ஸ்டிக்கரும் உள்ளே இருக்கிற 168 வாட்டும்

கேள்வி: மல்லாவியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஐ5 6500 புரொசெசர் உள்ள கணினிக்குப் பாவித்த ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கிப் போட்டேன். கலியாண வீடியோ ரெண்டர் பண்ணத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தானாக ஓஃப் ஆகித் திரும்ப ஒன் ஆகிறது. பின்னேரத்தில்தான் கூட. கேசிங்கோடு வந்த பவர் சப்ளையில் 500 வாட் என்று இருக்கிறது. மதர்போர்ட் பழுது என்கிறார் கடைக்காரர். மாற்றட்டுமா?

பதில்: பொறுங்கள், போர்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பெரிய எழுத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள சின்னக் கட்டங்களை வாசித்தேன். 3.3 வோல்ட் 20 அம்பியர், 5 வோல்ட் 25 அம்பியர், 12 வோல்ட் 14 அம்பியர். பெருக்கிக் கூட்டினால் 359 வாட். அவர்கள் எழுதியதை அப்படியே நம்பினாலும் 500 வரவில்லை!

அதைவிட முக்கியம் 12 வோல்ட் கட்டம். இந்தக் காலத்துப் புரொசெசரும் கார்டும் குடிப்பது அதில்தான். 12 தர 14, 168 வாட். உங்கள் கார்டுக்கு 120, ஐ5க்கு 65. இரண்டும் சேர்ந்து 185. ஹாட் டிஸ்க், ஃபேன் இன்னும் கணக்கில் வரவில்லை.

இப்படியான பவர் சப்ளைப் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கிற சர்க்கிட் போர்டில் ஃபில்டர் சுருளுக்கு இடம் அச்சடித்திருக்கும். சுருள் இராது, துண்டுக் கம்பியால் இணைத்திருப்பார்கள். ட்ரான்ஸ்ஃபோமர் நெருப்புப்பெட்டி அளவு. மின்னைச் சேர்த்துவைக்கிற கப்பாசிட்டர்களும் சின்னன். லைன் கடைசியில் இருக்கிற ஊர்களில் பின்னேரம் கரண்ட் இறங்கும்போது அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. நீங்கள் கழற்ற வேண்டாம், பிளக்கை இழுத்த பிறகும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பின்னால் 115/230 சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அதையும் தொடாதீர்கள். தவறி 115இல் விட்டுப் போட்டால் ஒரே வெடிதான்.

ஸ்டிக்கரில் 80 பிளஸ் முத்திரை, அதாவது மின்னை அதிகம் வீணாக்காத பவர் சப்ளை என்ற சான்று, இருக்கிறதே என்பீர்கள். முத்திரை அடிக்க ஒரு அச்சகம் போதும். மொடல் நம்பரை 80 பிளஸ் இணையப் பட்டியலில் தேடுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் படம்.

வாங்கும்போது வாட்டைக் கேட்காதீர்கள், 12 வோல்ட்டில் எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். உங்களுக்கு 30க்குக் குறையக் கூடாது. கார்டுக்கான 6 பின் வயர் அதிலிருந்தே வர வேண்டும், பழைய 4 பின் வயரை 6 பின்னாக மாற்றுகிற மொலெக்ஸ் கன்வேட்டர் வேண்டாம். கையில் தூக்கியும் பாருங்கள். பஞ்சுபோல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாரத்துக்காக இரும்புத் துண்டு வைத்த கெட்டிக்காரரும் உண்டு, ஆனபடியால் பாரத்தை மட்டும் நம்பவும் ஏலாது.

அதுவரைக்கும் கார்டைக் கழற்றிவிட்டு, மொனிட்டர் வயரைப் போர்டில் குத்தி ஐ5இன் சொந்த டிஸ்ப்ளேயில் ஓடுங்கள். ரெண்டர் ஆமைபோல் போகும். பின்னேரமும் ஓஃப் ஆகாமல் முடித்தால், போர்ட் பழுது என்ற கதையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.